சர்க்கரைப் பொங்கல் செய்த குற்றம் என்ன?

புள்ளிருக்குவேளூர் என்பது வைத்தீஸ்வரன்கோயிலின் பழம்பெயர். புள்ளரசனாகிய சடாயு, இருக்கு வேதம், வேள் எனப்படும் முருகப்பெருமான், ஊர் எனப்படும் சூரியன் ஆகிய நால்வரும் வழிபட்ட தலம் என்பது அப்பெயரின் பொருள். ஈசன் இங்கே வைத்தியநாதர். அம்மை தைலப் பாத்திரம் ஏந்திய தையல்நாயகி. உப்பும் மிளகும் செலுத்துவோரும், சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லம் கரைத்து வேண்டிக்கொள்வோரும், திருச்சாந்துருண்டையைக் கண்ணில் ஒற்றி வாங்கிச் செல்வோருமாக அச்சந்நிதி எந்நாளும் நிறைந்திருக்கும்.

ஒரு கிருத்திகை நாள். செல்வமுத்துக்குமார சுவாமிக்கு அபிஷேகம் முடிந்து பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து குலதெய்வ வழிபாட்டுக்கு வந்த ஒரு குடும்பம் வரிசையில் நின்றது: தாத்தா, பாட்டி, மருமகள், எட்டு வயதுப் பேரன். வரிசை மற்ற மூவருக்குத்தான். பேரன் தூணைச் சுற்றினான்; உண்டியலின் பூட்டை ஆட்டிப் பார்த்தான்; முன்னால் நின்ற பெரியவரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டான். அவன் முறை வந்தது. தொன்னையில் விழுந்த சர்க்கரைப் பொங்கலை அவன் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாட்டியின் கை குறுக்கே பாய்ந்தது.

"இவனுக்கு இனிப்பு வேண்டாம் சாமி. உள்ளே போனால் இன்று முழுதும் இவனைப் பிடிக்க முடியாது."

தொன்னை தரையில் விழுந்தது. பிரசாதத்தைச் சிந்துவதே பாவம் என்று வாழ்நாளெல்லாம் எண்ணி வந்தவர் அந்தப் பாட்டி. அவரே குனிந்து, சிதறிய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேரன் அழவில்லை. "கெட்டதை நான் சாப்பிட மாட்டேன் பாட்டி" என்று மட்டும் சொன்னான். சுவாமி பிரசாதத்தைக் கெட்டது என்று ஒரு குழந்தை சொல்லும்படி ஆயிற்றே என்னும் வருத்தம், ஊர் திரும்பிய பின்னும் பாட்டியை விட்டு நீங்கவில்லை.

அச்சிறுவனுக்கு ஏ.டி.எச்.டி. உள்ளது என்று ஓராண்டுக்கு முன்பே மருத்துவர் கண்டறிந்திருந்தார். தமிழில் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு என்பர். நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவருக்கு இது இருப்பதாக மருத்துவ உலகம் மதிப்பிடுகிறது. இக்குழந்தைகளுக்கு அறிவு குறைவில்லை. 'சற்றுப் பொறு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆற்றலும், ஒன்றைப் பிடித்த மனத்தை அதிலேயே நிறுத்தும் ஆற்றலும் மூளையில் மெதுவாக முதிர்கின்றன. ஆகவே சொன்னது காதில் விழும். செய்வதற்குள் வேறொன்று குறுக்கிடும்.

இது கைப்பேசிக் காலத்தில் பிறந்த நோய் என்று எண்ணுவோர் உண்டு. 1840-களிலேயே ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன், குழந்தைகளுக்கென எழுதிய படப் புத்தகத்தில், சாப்பாட்டு மேசையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, மேசை விரிப்போடு தட்டுகளையும் இழுத்துக்கொண்டு விழும் ஒரு சிறுவனைப் படைத்திருக்கிறார். 1902-இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், இத்தகைய குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகளே ஆற்றினார். நல்ல வளர்ப்பில் வளர்ந்த, அறிவில் குறைவில்லாத குழந்தைகளிடமும் இதைக் கண்டதாக அவர் எடுத்துரைத்தார். பின்னாளில் இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள், இதில் ஏறத்தாழ முக்கால் பங்கு பரம்பரையின் வழி வருவது என்று காட்டின. இச்செய்தியை மருமகள் வீட்டில் சொன்னபோது தாத்தா வாய்விட்டுச் சிரித்தாராம். நான்காம் வகுப்பில் பள்ளிச் சுவரேறிக் குதித்து மூன்று முறை பிடிபட்டவர் அவர்.

ஆயினும் உறவினர் வாய் ஓயவில்லை. கண்ணேறு என்றனர் சிலர். கிரகக் கோளாறு என்றனர் சிலர். வேலைக்குப் போகும் தாய், கடையில் வாங்கும் பொட்டலத் தீனி, வேளைக்கொரு இனிப்பு என்றனர் பலர். சுற்றி வளைத்து எல்லாச் சொற்களும் அந்த மருமகள் தலையில்தான் வந்து இறங்கின. எந்தக் குழந்தைக்கு என்ன வந்தாலும் முதலில் தாயின் சமையற்கட்டை எட்டிப் பார்ப்பது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தில் வந்ததுதான் பாட்டியின் இனிப்புத் தடையும்.

இனிப்பால் குழந்தை துள்ளுகிறது என்னும் எண்ணம் மேல்நாட்டாரிடமும் வேரூன்றியது. 1994-ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மார்க் வோல்ரெய்ச்சும் அவர் குழுவினரும் இதைச் சோதித்தனர். குடும்பங்களின் வீட்டில் இருந்த உணவுப் பொருள்களை அகற்றிவிட்டு, ஒன்பது வாரத்துக்கு வேண்டிய உணவைத் தாமே அளித்தனர். மூன்று வாரம் சர்க்கரை மிகுந்த உணவு. மற்ற ஆறு வாரம், மூன்று மூன்று வாரமாக இருவகைச் செயற்கை இனிப்பு சேர்ந்த உணவு. எந்த வாரத்தில் எது என்று பெற்றோருக்கும் தெரியாது; சோதித்தோருக்கும் தெரியாது. சர்க்கரை ஆகாது என்று பெற்றோரே உறுதி கூறிய குழந்தைகளிடமும் நடத்தையிலோ கவனத்திலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அடுத்த ஆண்டு, இது பற்றி நடந்த 23 சோதனைகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான் கிடைத்தது.

அதனினும் சிந்திக்க வேண்டியது, அதே 1994-இல் வெளியான இன்னொரு சோதனை. சர்க்கரை ஆகாது என்று தாய்மார் நம்பிய ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுவர்களை அழைத்து, எல்லோருக்கும் சர்க்கரையே இல்லாத பானம் கொடுத்தனர். ஆனால் பாதித் தாய்மாரிடம், 'உங்கள் மகனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்று கூறினர். அத்தாய்மார் தம் மகன் மிகையாகத் துள்ளியதாக எழுதிக்கொடுத்தனர். அவர்கள் மகனை விட்டு அகலாமல் ஒட்டியே இருந்ததையும், குறை கூறும் போக்கு அவர்களிடம் கூடியிருந்ததையும் பார்வையாளர்கள் குறித்துக்கொண்டனர். பானத்தில் ஒன்றும் இல்லை. தாயின் கண்ணில்தான் சர்க்கரை இருந்தது.

அப்படியானால் பாட்டிமார் கண்டதெல்லாம் பொய்யா? துள்ளல் மெய், காரணம்தான் வேறு. இனிப்பு எப்போது குழந்தையின் கைக்கு வருகிறது? திருவிழாவில், பிறந்தநாளில், கல்யாண வீட்டில். கூட்டமும், மேளமும், விளக்கும், பத்துப் பிள்ளைகளும் சேர்ந்த இடத்தில், தூங்கும் நேரம் தப்பிய வேளையில் வருகிறது. அந்தச் சூழலில் வெறும் வயிற்றோடும் இக்குழந்தை துள்ளும். பல்லுக்கும் உடல் எடைக்கும் மிகுதியான இனிப்பு கேடு என்பதில் ஐயமில்லை; அளவு எல்லாக் குழந்தைகளுக்கும் வேண்டியதே. தொன்னை அளவுப் பொங்கலால் ஏ.டி.எச்.டி. வருவதில்லை, வளர்வதும் இல்லை.

கோயிலிலிருந்து திரும்பிய சில நாட்களில் பாட்டிக்கு வேறொரு கவலை பெரிதாயிற்று. பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய மதிய உணவு நாள்தோறும் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. காலையில் கொடுக்கும் மாத்திரையே காரணம் என்று அவருக்குத் தோன்றியது. மருமகள் அலுவலகம் செல்வதால் மாத்திரை கொடுக்கும் பொறுப்பு பாட்டியிடம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டார். குழந்தை நன்றாக உண்டான். பாட்டியின் உள்ளம் குளிர்ந்தது. பதினோராம் நாள் மாலை, பால் வாங்கத் தெருவுக்குப் போகையில், பாட்டியின் கையை உதறிக்கொண்டு ஒரு நாய்க்குட்டியின் பின்னே பேரன் சாலையின் குறுக்கே ஓடினான். ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திய இடத்துக்கும் குழந்தைக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. அதையும் அவர் வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மருத்துவரிடம் செல்லும் நாள். "நானும் வருகிறேன்" என்று பாட்டி கிளம்பினார்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டு, "சற்றுக் கூடியிருக்கிறதே" என்றார். பாட்டிக்கு அதற்கு மேல் அடக்க இயலவில்லை.

"மாத்திரையை நிறுத்தியது நான்தான் டாக்டரம்மா. இவளுக்குத் தெரியாது."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். பாட்டி சாலையில் நடந்ததையும் சொல்லி முடித்தார். சிறிது நேரம் அங்கே யாரும் பேசவில்லை.

"உங்கள் பயம் நியாயமானதுதான், அம்மா" என்றார் மருத்துவர். "பசியைக் குறைப்பது இந்த மாத்திரையின் குணம். அதை முன்பே உங்களிடம் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் பிழை. ஆனால் நிறுத்தினால் அதன் பயனும் அன்றே நின்றுவிடும். சாலையில் கண்டீர்களே."

பின்னர் அவர் கூறியவை, பேரப்பிள்ளைக்குச் சோறூட்டும் ஒவ்வொரு பாட்டியும் அறிய வேண்டியவை. மெத்தில்ஃபெனிடேட் என்னும் அம்மருந்து வேலை செய்யும் நேரத்தில் பசி மந்தமாக இருக்கும். மாலையில் அதன் வேகம் இறங்கியதும் பசி திரும்பும். ஆதலால் காலை ஆகாரத்தை முதலில் வயிறார ஊட்டிவிட்டு, அதன் பிறகே மாத்திரை கொடுத்தல் வேண்டும். இட்லியோ பொங்கலோ எதுவாயினும், பருப்பு, பயறு, பால், தயிர் இவற்றுள் ஒன்று உடன் இருப்பது நலம். மதியம் குறைவாக உண்பதைப் பெரிதுபடுத்தி வற்புறுத்தலாகாது. பள்ளி விட்டு வந்ததும் பிஸ்கட்டால் பசியை அடைக்காமல், ஒரு வேளை உணவையே அப்போது கொடுக்கலாம். இரவு உணவும் உண்டு. உயரமும் எடையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அளக்கப்படும். தேய்வு கண்டால் மருந்தின் அளவை மாற்ற மருத்துவருக்கு வழியுண்டு. வீட்டில் உள்ளவர் தாமாக நிறுத்துவதுதான் கூடாது.

"இரவில் நன்றாகத் தூங்குகிறானா?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவான்" என்றாள் தாய்.

பாட்டி தயங்கினார். பேரன் உறங்குவது அவர் அருகில். "படுப்பான் டாக்டரம்மா. தூங்குவதற்குப் பதினொன்று ஆகிவிடும். காலுக்குள்ளே எறும்பு ஊருகிறது பாட்டி என்பான். நான் அமுக்கிவிட்டால்தான் அடங்கும். தூங்கின பிறகும் உதைத்துக்கொண்டே இருப்பான். வளர்கிற பிள்ளைக்குக் கால் குடைச்சல் வராதா என்று பேசாமல் இருந்துவிட்டேன்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஓராண்டாக அவர் கேட்டுக் கிடைக்காத செய்தி அது.

கால்களில் ஊரல், அசைத்தால்தான் ஆறுதல், இரவில் மிகுதல் என்னும் இத்தொல்லைக்குப் பெரும்பாலும் உடலில் இரும்புச் சத்தின் இருப்புக் குறைவு துணை நிற்கும். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிடம் இத்தொல்லை பிறரினும் கூடுதலாகக் காணப்படுகிறது. காரணம் இல்லாமல் இல்லை. மூளையில் கவனத்தை நிலைநிறுத்த உதவும் டோபமைன் என்னும் பொருள் உருவாவதற்கு இரும்பு தேவை. 2004-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஏ.டி.எச்.டி. உள்ள 53 குழந்தைகளைச் சோதித்தபோது, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு அவர்களிடம் சராசரி 23 ஆகவும், அக்குறைபாடு இல்லாத குழந்தைகளிடம் சராசரி 44 ஆகவும் இருந்தது. இரும்பு குறைந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் அமைதியின்மை சற்றுக் குறைந்தது. அதில் பங்கேற்றவர்கள் 23 பேர்தான் என்பதால், அதையே முடிந்த முடிபாகக் கொள்ளுதல் பொருந்தாது.

"இவனுக்கு ரத்தம் நன்றாகத்தானே இருக்கிறது? ஹீமோகுளோபின் பன்னிரண்டு என்று போன மாதம் பார்த்தோமே" என்றாள் தாய். அதற்கு விடை பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். ஹீமோகுளோபின் என்பது அன்றாடம் உலையில் வேகும் அரிசி. ஃபெரிட்டின் என்பது குதிரில் கிடக்கும் நெல். குதிர் அடிமட்டத்துக்கு வந்த பின்னும் சில காலம் உலையில் அரிசி வெந்துகொண்டுதான் இருக்கும், வெளியில் தெரியாது. இரத்தப் பரிசோதனை செய்தனர். பேரனின் குதிர் ஏறக்குறையக் காலி.

இது ஒரு வீட்டின் கதையன்று. 2019-21 காலத்தில் நாடு முழுதும் நடந்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. உலையே அடங்கிய குழந்தைகளின் கணக்கு அது. குதிர் மட்டும் காலியானவர்கள் அதில் வரமாட்டார்கள்.

இரும்பு மருந்தை மருத்துவர் எழுதிக்கொடுத்தார். பரிசோதிக்காமல் அண்டை வீட்டார் சொன்னார் என்று கொடுக்கத்தக்க பொருளன்று அது. அளவு மீறினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அதனால் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்குமாறும் கூறினார். உணவைப் பற்றி அவர் சொன்னவற்றில் பாட்டி அறியாதது சிறிதே. எள்ளுருண்டை, கம்பு, முருங்கைக்கீரை, கொள்ளு, நவராத்திரிச் சுண்டல் என்று அவர் அடுக்க, பாட்டி தலையசைத்துக்கொண்டே வந்தார். பயறுகளை ஊறவைத்து முளைகட்டினால் அவற்றிலுள்ள இரும்பு உடலில் நன்கு சேரும். தாவர உணவின் இரும்பு தானாக எளிதில் சேர்வதில்லை. புளிப்பின் துணை வேண்டும். சுண்டலின் மேல் எலுமிச்சை பிழிவதும், சோற்றோடு நெல்லிக்காய் கடிப்பதும் அத்துணைதான். இரும்பு வாணலியில் வற்றல் குழம்பு வைத்தால், வாணலியின் இரும்பும் குழம்பில் சிறிது இறங்கும். எவர்சில்வர் வந்த பின் பரணில் ஏறிய வாணலிகள் கீழே இறங்கட்டும். வெல்லத்தில்தான் இரும்பெல்லாம் இருக்கிறது என்று நம்பி வேறெதையும் கொடுக்காமல் இருப்பது சரியன்று. குழந்தை உண்ணும் அளவு வெல்லத்தால் குதிர் நிறையாது.

பாட்டி அறியாத ஒன்றும் இருந்தது. நாள்தோறும் காலைப் பலகாரத்தோடு பேரனுக்கு அரைத் தம்ளர் காபி கொடுத்து வந்தார். காபியும் தேநீரும் உணவிலுள்ள இரும்பைச் சேரவிடாமல் தடுப்பவை. மாலைக் காபியோ உறக்கத்தையும் கெடுப்பது. எள்ளும் கீரையும் ஒரு கையால் கொடுத்து, அதைக் காபியால் மறு கையால் பறித்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தபோது பாட்டிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. குடற்புழு நீக்கும் மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்பதையும் மருத்துவர் நினைவூட்டினார். கொக்கிப்புழு இருந்தால் எந்த உணவும் ஒட்டாது.

சாயம் பற்றிய ஐயம் மட்டும் ஒதுக்கத்தக்கதன்று. 1973-இல் சான்பிரான்சிஸ்கோ ஒவ்வாமை மருத்துவர் பெஞ்சமின் ஃபைன்கோல்டு, உணவில் சேர்க்கும் செயற்கை நிறங்களும் சுவையூட்டிகளும் குழந்தைகளைத் துள்ளவைக்கின்றன என்றார். அவர் கூறிய அளவுக்கு அது மெய்ப்படவில்லை. ஆனால் 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில், மூன்று வயதினர் 153 பேர், எட்டு ஒன்பது வயதினர் 144 பேர் என எந்தக் குறைபாடும் கருதாமல் தேர்ந்த குழந்தைகளுக்குச் சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தபோது, மிகை இயக்கம் சிறிதளவு கூடியது. எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே அளவில் இல்லை. சிலரிடம் மிகுதி, சிலரிடம் ஒன்றுமில்லை. அதன் விளைவாக 2010 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஆறு சாயங்கள் சேர்ந்த பொட்டலங்களின் மேல், குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கக்கூடும் என்று அச்சிட வேண்டும் என்பது சட்டமாயிற்று. அவற்றுள் சில நம் நாட்டில் அளவோடு அனுமதிக்கப்பட்டவை. பொட்டலத்தின் பின்புறம் 102, 110, 122, 124 என்ற எண்கள் இருந்தால் அவை அச்சாயங்களே. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு முறை பார்த்து வாங்கினால் போதும். கேசரி செய்வோர் சாயப்பொடிக்கு மாற்றாக ஒரு சிட்டிகை மஞ்சளோ குங்குமப்பூவோ இடலாம். வெள்ளைக் கேசரியையும் சுவாமி ஏற்றுக்கொள்வார். கோயில் திருவிழாவின் பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு 2024-இல் தடை செய்தது வேறு காரணத்தால். அதில் துணிக்குப் போடும் ரோடமைன்-பி என்னும் நச்சுச் சாயம் இருந்தது.

நச்சு என்றதும் நினைவுக்கு வரவேண்டிய பொருள் காரீயம். சிறிதளவே உடலில் சேர்ந்தாலும் குழந்தையின் கவனத்தையும் அறிவையும் மழுக்குவது அது. தீங்கற்ற அளவு என்று ஒன்று அதற்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. மஞ்சளோடு எலுமிச்சைச் சாறும் வெண்காரமும் படிகாரமும் சேர்த்துச் செய்வதே நல்ல குங்குமம். விலை மலிந்த சில செந்தூரப் பொடிகளில் காரீயச் சேர்மம் கலந்திருப்பதால் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. இரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் செய்ததாக இருக்கவேண்டும். காரீயம் கலந்த போலி இரசத்தோடு நஞ்சையும் இறக்கும். பாட்டனார் காலத்துச் சொம்பைப் பற்றி அன்று இந்த அச்சம். நேற்று நடைபாதையில் வாங்கிய சொம்பைப் பற்றி.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பால் பயன் உண்டு என்பர். உண்டு, மிகச் சிறிது. சைவக் குடும்பத்தார் ஆளி விதையைச் சட்னிப் பொடியில் சேர்க்கலாம். அதனால் மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரேனும் கூறினால் கேட்க வேண்டாம். பாலும் கூடாது, கோதுமையும் கூடாது என்று ஒன்றன்பின் ஒன்றாக விலக்குவதும் மருத்துவரின் மேற்பார்வை இன்றிச் செய்யத்தக்கதன்று. ஏற்கெனவே பசி குறைந்த பிள்ளையின் தட்டில் மிஞ்சுவது என்ன?

உறக்கத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். பேரப்பிள்ளை வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினால், அப்பா போலவே என்று மகிழ்ந்து விட்டுவிடலாகாது. தொண்டைச் சதை வளர்ந்து மூச்சை அடைப்பதால் உறக்கம் கெட்டு, பகலில் ஏ.டி.எச்.டி. போன்றே தோன்றும் குழந்தைகள் உண்டு. அருகில் படுப்பவர்தான் இதைக் காண இயலும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை, ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரமாவது குழந்தை தூங்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர் முடிந்த பிறகுதான் விளக்கணைப்பது என்றிருக்கும் வீட்டில் அது நடவாது; இது தாத்தா பாட்டிகளுக்கே சொல்லப்படுவது.

ஓட்டத்தைத் தடுக்கக் கூடாது என்பதையும் அந்த மருத்துவர் வலியுறுத்தினார். 2013-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எட்டு முதல் பத்து வயதுக் குழந்தைகளை 20 நிமிடம் வேகமாக நடக்கவைத்துப் பின்னர் சோதித்தபோது, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒருங்கே முன்னினும் நன்றாகக் கவனித்தனர். வீட்டுப்பாடத்துக்கு முன் இருபது நிமிடம் என்பது பெரிய செலவன்று. தாத்தா அப்பொறுப்பை ஏற்றார். மாலையில் அருகிலுள்ள சிவன் கோயிலுக்கு அழைத்துச் சென்று, பிராகாரத்தைப் பன்னிரண்டு முறை சுற்ற விடுவார். தாம் மூன்று சுற்றோடு மூலையில் அமர்ந்து எண்ணிக்கொண்டிருப்பார். ஓர் இடத்தில் உட்கார்ந்து கதை கேள் என்று அவனிடம் சொல்வதை அவர் விட்டுவிட்டார். பூக்கூடை சுமக்கவும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றவும் சொல்கிறார். எண்ணெய் சில நாள் சிந்தும்.

இரும்பு மருந்து தொடங்கிய இரண்டாம் மாதத்தில் கால் குடைச்சல் பெரிதும் அடங்கியது. ஒன்பதரைக்கு உறங்கிவிடுகிறான். காலையில் எழுப்பும் சண்டை குறைந்தது. வகுப்பில் உட்காரும் நேரம் சற்றுக் கூடியிருப்பதாக ஆசிரியை எழுதியனுப்பினார். மாத்திரை தொடர்கிறது, அவன் இன்றும் ஓடும் பிள்ளைதான். சமையற்கட்டைப் பற்றி உறவினர் ஒருவர் மறுபடி பேச்செடுத்தபோது, "அவள் சமையலில் ஒரு குறையும் இல்லை, காபி கொடுத்தது நான்" என்று பாட்டி சொல்லிவிட்டார். மருமகள் உள்ளேயிருந்து அதைக் கேட்டாள்.

ஆறு மாதம் கழித்து அக்குடும்பம் மீண்டும் புள்ளிருக்குவேளூர் சென்றது. அன்றும் கிருத்திகை. பாட்டி தையல்நாயகி சந்நிதியில் சற்று அதிக நேரம் நின்றார். பிரசாத வரிசையில் பேரன் தூணைச் சுற்றினான். தொன்னை அவன் கைக்கு வந்ததும், உண்ணாமல் பாட்டியின் முகத்தைப் பார்த்தான்.

"சாப்பிடு கண்ணா. சுவாமி பிரசாதம்" என்றார் பாட்டி. அவன் பாதியை உண்டு மீதியை அவரிடம் நீட்டிவிட்டுத் தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிராகாரத்துக்கு ஓடினான்.